மூடி வைத்த காளான் கறி

காளானில் எது சமைக்கலாம், எது கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கரடியனாற்றுப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். ஐப்பசியில் மழை பிடித்ததும், மாட்டுக்கென்று வளவு மூலையில் குவித்து வைத்த வைக்கோலின் அடி இற்றுப்போய்ச் சூடேறும். அந்தச் சூட்டில் சாம்பல் நிறத் தலைகள் கும்பலாக எட்டிப் பார்க்கும். விடியும்போது கோழிமுட்டை போல மூடியிருக்கும். வெயில் ஏற ஏற விரியும். மத்தியானம் தாண்டினால் ஓரம் சுருண்டு மேலே மடிந்து, கறுப்பாகச் சொட்டத் தொடங்கும். பின்னேரம் போய்ப் பார்த்தால் மெலிந்த தண்டுதான் நிற்கும், கீழே மண்ணில் மைப்போத்தலைக் கவிழ்த்துவிட்ட மாதிரிக் கிடக்கும்.

இதைச் சமைப்பதென்றால் சோம்பல் கூடாது. தலை மூடியிருக்கிறபோதே, உள்மடிப்பு வெள்ளையாக இருக்கிறபோதே பறிக்க வேண்டும். பறித்த கையோடு அடுப்புக்குப் போக வேண்டும். பறித்தால் நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது, கூடைக்குள்ளேயும் அது தன்பாட்டில் கரைந்துகொண்டுதான் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் கொஞ்சம் தாமதிக்குமே தவிர விடாது. நெருப்புத்தான் அதை நிறுத்தும். வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், கடைசியில் கெட்டிப் பால். அவ்வளவுதான். ஒன்றிரண்டு முற்றினது கலந்துவிட்டால் குழம்பு கறுத்துப் போகும், ருசி கெடாது.

அந்தக் கறுப்புத்தான் என் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து சேருவார். என் மனுசன் தேற்றாத்தீவுக்காரர். வாவிக்கு அந்தப் பக்கம், கடலோரம், எழுவான்கரை. நாங்கள் இந்தப் பக்கம், வயலும் காடுமாக, படுவான்கரை. கறியில் மருந்து போட்டு ஆம்பிளையை மடக்கி வைப்பார்கள் என்று மட்டக்களப்புப் பெண்களுக்கெல்லாம் வெளியூரார் ஒரு பழி கட்டி வைத்திருக்கிறார்கள். எழுவான்கரையார் அந்தப் பழியைத் தங்கள் தலையிலிருந்து பத்திரமாக இறக்கி, வாவியைக் கடந்து வந்து எங்கள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மகன் படுவான்கரையில் குடியேறின நாளிலிருந்து என் மாமியாருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. இரண்டு கிழமை மகன் தாயைப் பார்க்கப் போகாவிட்டால் போதும், ஃபோன் வரும். "என்னகா, எண்ட புள்ளைய முந்தானையில முடிஞ்சி வெச்சிருக்கிறயா?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார். நானும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொல்லுவேன்.

முடிந்து வைக்கிற ஆம்பிளையா அவர்? குடி. வட்டையில், அதுதான் எங்கள் வயல்வெளியில், வேலை முடிந்தால் கசிப்பு. விசேசமென்றால் சாராயம். ஒருமுறை அம்மன் சடங்கு நேரம் குடித்துவிட்டு வந்து, பந்தலில் பெண்கள் இருந்த இடத்தில் போய் விழுந்தார். மானம் போய்விட்டது. சடங்கு முடிந்ததும் ஊர் முன்னால், அம்மன் வாசலில், எங்கள் மகளைக் கூட்டி வந்து நிறுத்தி அவளுடைய தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். இனித் தொடமாட்டேன் என்று. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. தகப்பனின் கை தலையில் இருந்த பாரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பிள்ளையின் தலையில் அடித்த சத்தியம் பொய்த்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் கேடு என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு அமைதி வந்தது. நான் நம்பினேன். மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிற வேலையும் அந்த வருசம்தான் எனக்குக் கிடைத்தது. சோறு, பருப்பு, ஒரு கீரை, சில நாளில் முட்டை. பிள்ளைகள் சோற்றுக் கோப்பையை நீட்டிக்கொண்டு "அன்ரி, இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போது வருகிற சந்தோசம் எனக்கு வேறெதிலும் வந்ததில்லை. என் கைச்சோற்றுக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. எனக்கென்று இருந்த ஒரே பேர் அதுதான்.

மாமி வந்திருந்தபோதுதான் அது நடந்தது. வைக்கோல் அடியில் காளான் பூத்திருந்தது. பள்ளிக்கூடம் லீவு நாள். நான் கூடை நிறையப் பறித்து வந்தேன். மாமி மூக்கைச் சுளித்தார்.

"நாய்க்குடையையும் கறி வைக்கிறயாகா? எங்கட பக்கத்தில மாடும் மோந்து பாக்காது."

"திண்டு பாத்திட்டுச் சொல்லுங்க மாமி. உங்கட றால் கறி தோத்துப் போகும்."

தின்றார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றார். நானும் மகளும் தின்றோம். மனுசன் வட்டையிலிருந்து வரப் பிந்தியதால் அவருடைய பங்கை எடுத்து ஒரு சின்னச் சட்டியில் மூடி வைத்தேன். ஆம்பிளைக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கம். அன்றைக்குப் பசியில் கடைசியாகத்தான் வழித்து வைத்தேன். அடிச்சட்டி, கூடையின் அடியில் கிடந்து முற்றினதெல்லாம் அதற்குள்தான் போனது. கன்னங்கரேலென்று இருந்தது. அவர் வந்து அதைத் தின்றுவிட்டு, தண்ணீர் கட்டிவிட்டு வருகிறேன் என்று மறுபடி வட்டைக்குப் போனார்.

பொழுது படும் நேரம் திரும்பி வந்தார். முகமும் கழுத்தும் செங்கல் நிறம். கண் சிவந்து பிதுங்கி நின்றது.

"நெஞ்சு அடிக்குது… கையெல்லாம் விறைக்குது…" என்றபடி வாசலில் குந்தி வாந்தி எடுத்தார்.

நான் ஓடினேன். மாமி என்னை மறித்துத் தள்ளினார்.

"கிட்ட வராத! என்னத்தடி போட்டுக் குடுத்தாய் எண்ட புள்ளைக்கு?"

"நாம எல்லாரும் திண்ட கறிதானே மாமி!"

"நாங்க திண்டது வெள்ளக் கறி. அவனுக்குப் புறிம்பா மூடி வெச்சது கறுப்புக் கறி. எண்ட கண்ணால பாத்தனான்!"

அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் பாதி ஊர். மாமி மகனின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் தானே துடைத்தார். சேர்ட்டைத் தானே கழற்றி, கிணற்றடியில் தானே தோய்த்துக் காயப்போட்டார். என்னை ஒரு எட்டுக் கிட்ட விடவில்லை. தாய்ப்பாசம் என்று நினைத்தேன், முட்டாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது அதைத்தான். "குடிச்சனீங்களா?"

"இல்ல ஐயா," என்றார் மனுசன்.

"அவன் அதை விட்டுக் கன காலம் ஐயா," என்றார் மாமி. "காளான் கறிதான். மற்ற ஆக்களுக்கு ஒண்டுமில்ல. இவனுக்கு மட்டும் புறிம்பா எடுத்து வெச்சிருக்கிறாள்."

சேலைன் ஏற்றினார்கள். விடிய நெஞ்சடி இறங்கி, முகம் வெளிறிப் பழையபடி ஆகிவிட்டது. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று துண்டு தந்து அனுப்பினார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விசயம்.

மாமி விடவில்லை. வயிற்றில் போட்ட மருந்தை எடுக்கிற ஒரு ஆளைக் கூட்டி வந்தார். என் முற்றத்தில், என் பாயில் என் மனுசனை இருத்தி, ஏதோ இலைச்சாற்றைப் பருக்கினார்கள். ஊர் சுற்றி நின்றது. அவர் ஓங்காளித்து ஓங்காளித்து எடுத்ததில் அந்த ஆள் கையை விட்டுத் துழாவி, கறுப்பாக ஒரு உருண்டையைத் தூக்கிக் காட்டினார். "இந்தா கிடக்கு." கூட்டத்திலிருந்து "ஐயோ அம்மாளே" என்று ஒரு சத்தம். அது அந்த ஆள் தன் மடியிலேயே கொண்டு வந்ததாக இருக்க வேண்டும், வேறெங்கிருந்து வரும்? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மனுசனுக்கு முன்னால் போய் நின்று கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க. நான் போட்டனா?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்," என்றார்.

எனக்கென்ன தெரியும். அடித்திருந்தால் கூட மறந்திருப்பேன்.

எதிர்வீட்டுக்காரியின் பொடியனும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். கிழமை முடிவதற்குள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசன், மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தாய்மார் வந்து கதைக்கிறாங்க, தங்கச்சி. கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்க." அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அகப்பை எதிர்வீட்டுக்காரியின் கைக்குப் போனது. ஒருநாள் மகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்து வைத்தாள். "அம்மா, நாளைக்கு கடை பிஸ்கட் தாங்க. ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில இருந்து திங்கிறாங்க இல்ல." அன்றைக்கு அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஊர் என்னை என்னவும் சொல்லட்டும், இந்தப் பிள்ளையின் பெட்டி என்ன செய்தது?

கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல்தான் காளான் வளர்ப்பு வகுப்புக்குப் போனேன். பெண்களுக்கென்று நடந்தது. மரத்தூள் பையில் சிப்பிக்காளான் வளர்க்கச் சொல்லித் தந்தார்கள். என்னிடம் காளான் வாங்க ஊரில் யார் வருவார்கள் என்று நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. படிப்பித்தது ஒரு இளம் பிள்ளை. ஒரு நாள், சரியாக அவியாத பை ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அதில் சிப்பிக்காளானுக்குப் பதிலாக, மெலிந்த தண்டில் சாம்பல் தலைகள். பாதி மையாக வடிந்து போயிருந்தன. என் வைக்கோல்போர்க்காரர்கள்தான்.

"இது களை. இது வந்தா பையைச் சரியா அவிக்கல்ல எண்டு அர்த்தம்," என்றாள். அது ஏன் வடிகிறது என்றும் சொன்னாள். நாங்கள் நினைக்கிற மாதிரி அழுகுவதில்லையாம், தன்னைத்தானே செரிக்கிறதாம். குடையின் அடியில் தாள் தாளாக இருக்கிற மடிப்புகளில்தான் அதன் வித்து, கறுப்புத் தூளாக. அந்தத் தூள் விளிம்பில்தான் முதலில் முற்றும். முற்றி உதிர்ந்த விளிம்பை அது கரைத்து ஒழித்துவிடும். அப்போதுதான் அடுத்த மடிப்பு விலகி, அங்கே முற்றுகிற தூளுக்குக் காற்றுப் பிடிக்கும். அப்படி விளிம்பிலிருந்து உச்சி வரைக்கும் தன்னைத் தின்றே தன் வித்தைப் பரப்பும். ஒரு பகல் வாழ்க்கைக்கு என்ன கெட்டித்தனம் பாருங்கள்.

"திங்கலாமா, மிஸ்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பிஞ்சில சமைச்சாத் திங்கலாம். ஆனா இந்தச் சாதியில சிலதில ஒரு சாமான் இருக்கு. சும்மா திண்டா ஒண்டும் செய்யாது. திண்ட ஆள் மறுகா குடிச்சாத்தான் வினை. வயித்துக்குள்ள போற சாராயம் முதல்ல ஒரு நஞ்சா மாறும். உடம்பு அதை உடனே உடைச்சு வெளியேத்தும். இந்தக் காளான் திண்டவருக்கு உடைக்கிற வேலை நிண்டு போகும். நஞ்சு அப்பிடியே தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், கை விறைக்கும், சத்தி வரும். திண்டு ரெண்டு மூண்டு நாள் கழிச்சுக் குடிச்சாலும் விடாது. அதால குடிகார மாப்பிள்ளைமாருக்குக் குடுத்திராதீங்க."

பெண்கள் கெக்கலித்துச் சிரித்தார்கள். "குடுத்துப் பாக்கத்தான் வேணும்!" என்றாள் ஒருத்தி. முகம், நெஞ்சு, கை, வாந்தி. வாசலில் குந்தியிருந்த மனுசனை அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்த மாதிரிச் சொல்லிவிட்டாள். எங்கள் வைக்கோல் காளான் அந்தச் சிலதில் ஒன்றுதானா என்று பரிசோதிக்க எனக்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. தின்ற நாலு பேரில் மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. குடிக்கிற ஒரு ஆளுக்கு மட்டும் நெஞ்சு அடித்தது. டொக்டர் முன்னாலும், முற்றத்தில் அந்தப் பாயிலும், இந்த மனுசன் உண்மை தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். தன் சத்தியத்தைக் காப்பாற்ற என் கைச்சோற்றைக் காவு கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து உடனே சண்டை பிடிக்கவில்லை. பிடித்தால் இல்லையென்பார். நான் மழைக்குக் காத்திருந்தேன்.

அடுத்த மாரிக்கு மாமி மறுபடி வந்தார். சொந்தமாகக் கொண்டு வந்த சோற்றுப் பார்சலோடும் தண்ணீர்ப் போத்தலோடும்தான் வருவார் இப்போதெல்லாம். நான் விடியவே போய்ப் பறித்தேன். மூடின தலைகளாகப் பார்த்து, வெள்ளை வெளேரென்று சமைத்தேன். மகளை அயலில் விளையாட அனுப்பிவிட்டு, மனுசனுக்குச் சோறு போட்டுக் கறியை ஊற்றினேன். மாமி கதவடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கறி?" என்றார் மனுசன்.

"காளான். குடிக்காத ஆக்களுக்கு ஒண்டும் செய்யாது. குடிக்கிற ஆக்களுக்குத்தான் முகம் சிவந்து நெஞ்சடிக்குமாம். வகுப்பில சொல்லித் தந்தவங்க. நீங்கதான் குடிக்கிறல்லையே, தின்னுங்க."

கை சோற்றுக்கு மேலே நின்றது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்லுகிறேன், அவர் ஒரு வாய் அள்ளித் தின்றிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கை பின்னால் வந்தது.

"வயிறு சரியில்ல," என்று எழும்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன். இப்போதாவது விளங்கியதா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மெதுவாக எழுந்து வந்து, மகன் இருந்த இடத்தில் இருந்து, மகன் விட்டுப்போன சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய்.

"மருந்து போட்டிருந்தா என்ன செய்வீங்க?" என்றேன்.

"நீ போடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியாதாகா?" தலை நிமிராமலே சொன்னார். "அண்டைக்கு அவன்ட வாயைத் துடைச்சது நான். சேர்ட்டைத் தோய்ச்சதும் நான். எனக்கு மணக்கல்லையா?"

கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டேன்.

"பிறகேன் மாமி என்னை இந்தப் பாடு படுத்தினீங்க? எண்ட பள்ளிக்கூடத்து வேலை போச்சு. எண்ட புள்ளைக்குப் பக்கத்தில ஒரு புள்ள இருந்து தின்னுதில்ல."

"என்னத்த நான் செய்ய? அம்மாள் வாசல்ல, புள்ளட தலையில அடிச்சுப் பொய்ச்சத்தியம் பண்ணினவன்ட தாய் எண்டு ஊர் என்னைச் சொல்லவா? பொண்டாட்டி மருந்து போட்டாள் எண்டா அவன் பாவம். பொய்ச்சத்தியம் அப்பிடியில்ல." விரலை வழித்தார். "நீ போய்ச் சொல்லன், ஆர் மறிக்கிறது? முதல்ல உண்ட மகளைக் கூப்பிட்டுச் சொல்லு. அப்பன் உண்ட தலையைத் தொட்டுப் பொய் சொன்னவன், இனி உனக்கு என்ன வருமோ தெரியா எண்டு சொல்லு. மறுகா அவள் நித்திரை கொள்ளுவாளா எண்டு பாப்பம்."

நான் இதையெல்லாம் நம்புகிற ஆளா என்று கேட்டால் இல்லையென்றுதான் சொல்லுவேன். ஆனாலும் மகள் தும்மினால் கூட அந்தச் சத்தியம் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? மாமி கோப்பையைக் காட்டி, "கொஞ்சம் கறி விடு," என்றார். விட்டேன். சட்டியில் மிஞ்சியதையும் வழித்துப் போடச் சொல்லித் தின்று, கை கழுவினார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நானும் மகளும் படலை வரை போனோம். எதிர்வீட்டுக்காரி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிற பானையோடு வாசலில் நின்றாள்.

"என்ன பெரியம்மா, வெள்ளனப் போறீங்க? சாப்பிட்டீங்களா?"

"இந்த வீட்டிலயா?" என்றார் மாமி. "வந்ததில இருந்து ஒரு வாய் தண்ணியும் நான் தொடல்ல, புள்ள. எண்ட உசிரு எனக்கு வேணுமே."

எதிர்வீட்டுக்காரி ஐயோ பாவம் என்று பானையை இறக்கி, வாழையிலையில் சோறும் பருப்பும் கட்டிக் கொடுத்தாள். மாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பஸ் வந்தது, ஏறிப் போனார்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பம்மா நேத்துக் காளான் கறி திண்டவதானே அம்மா? நான் யன்னலால பாத்தனான்."

எதிர்வீட்டுக்காரி பானையைத் தூக்கப் போனவள் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள். மகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓம் என்றால் அப்பம்மா ஏன் பொய் சொன்னா என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் அப்பாவின் சத்தியத்தில் வந்து நிற்கும்.

"இல்ல," என்றேன். "அவ ஒண்டும் தின்னல்ல. நீ உள்ள போ."